வழிவிட்டானின் காருக்குள் பெய்த சாரல்

மூவூரணியில் காருக்குள் மழை பெய்வதை முதலில் பார்த்தவர்கள் அந்தக் காரைத் தள்ளிக்கொண்டு வந்தவர்கள்தான். தார் ரோடு இளகிக் கிடந்த ஒரு சித்திரை மாத முற்பகலில், முறுக்குக்கடை வழிவிட்டான் தன் பழைய வெள்ளைக் காரில் கமுதிக் கடைகளுக்குப் போட வேண்டிய முறுக்கு டின்களை ஏற்றிக்கொண்டு கிளம்பி, பஸ் ஸ்டாண்டு தாண்டி, ரைஸ் மில் தாண்டி, தண்ணீரை மறந்தே போயிருந்த நடு ஊரணியின் கரைக்கு வந்தபோது, வண்டி வழக்கம்போல ஒரு இருமல் இருமி, ஒரு குலுக்கல் குலுக்கி நின்றுவிட, அவர் வழக்கம்போல இறங்கி டீக்கடையைப் பார்த்துக் கையைக் காட்ட, அங்கே இருந்தவர்களும் வழக்கம்போல கிளாசை வைத்துவிட்டு வந்து பின்பக்கம் கை கொடுத்தார்கள். நாலு எட்டு தள்ளியதும் பின்கண்ணாடி வழியே பார்த்த ஒருவர், டயரில் காற்று இல்லை என்று சொல்வதைப் போல, "ஏப்பா, உள்ள மழை பெய்யுது," என்றார்.

பெய்துகொண்டுதான் இருந்தது. காரின் உள்கூரையில் ஓட்டை இல்லை, மேலே வானத்தில் ஒரு பஞ்சு அளவுக்குக்கூட மேகம் இல்லை, ஆனாலும் கிழிந்த ரெக்சினுக்கு அடியிலிருந்து மெல்லிய மழை சாய்ந்து சாய்ந்து இறங்கி, ஸ்டீயரிங்கை நனைத்து, இருக்கையை நனைத்து, முறுக்கு டின்களின் மூடிமேல் அவசரமில்லாமல் தட்டிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்ததும் ஒரு குளிர்ந்த காற்று வெளியே வந்து தள்ளியவர்களின் சட்டைக்குள் புகுந்தது. அதில் ஈரமண் வாசனை இருந்தது. கருவேலமரத்தைத் தவிர வேறு மரத்தை அதிகம் அறியாத அந்த ஊரில் யாருக்கும் இன்னதென்று சொல்லத் தெரியாத ஏதோ இலையின் வாசனையும் இருந்தது. அவர்கள் கொஞ்ச நேரம் மூச்சை இழுத்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, மறுபடி தள்ளினார்கள்.

வீட்டு வாசலில் வண்டி வந்து நின்றதும், வழிவிட்டானின் மனைவி குழல்வாய்மொழி கையில் ஒட்டிய மாவோடு வெளியே வந்தாள். டின்களைத் தொட்டுப் பார்ப்பாள், நமத்துப்போன முறுக்குக்காகத் திட்டுவாள் என்று எதிர்பார்த்து வழிவிட்டான் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவளோ ஜன்னல் வழியாக முழங்கைவரை கையை உள்ளே நீட்டினாள். விரல்களில் இருந்த மாவு கரைந்து சொட்டியது.

"இது மழை இல்ல," என்றாள். "சாரல்."

தென்காசிப் பக்கம் இலஞ்சியில் பிறந்து, இருபது வருஷத்துக்கு முன் இந்த ராமநாதபுரத்து வெயிலுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் அவள். சாரல் என்ற சொல்லை அவள் வாயால் கேட்பது வழிவிட்டானுக்கு அதுதான் முதல்முறை.

அதற்குப் பிறகு, மூவூரணி அந்த மழையை, புதிதாக வந்த ஒரு பஸ்ஸைப் பழகிக்கொள்வதைப் போலப் பழகிக்கொண்டது. எப்போது வரும், எங்கே நிற்கும், யார் முதலில் ஏறுவது என்பதெல்லாம் சில வாரங்களிலேயே ஊருக்குத் தெரிந்துபோனது. சாவியைத் திருப்பி நிறுத்தினால் மழை வராது. வண்டி தானாக மக்கர் செய்து நின்றால் மட்டுமே வரும். மறுபடி யாராவது எப்படியாவது கிளப்பும்வரை விடாமல் பெய்யும். அதனால் மழை வேண்டும் என்கிறவர்கள் வழிவிட்டானிடம் வந்து, "அண்ணே, நம்ம தெருப்பக்கமா ஒரு சுத்து போய்ட்டு வாங்களேன்," என்பார்கள். வண்டியும் ஏமாற்றாமல் அந்தத் தெரு முக்கிலேயே நின்றுவிடும். வேர்க்குருவால் இரவெல்லாம் அழுத பிள்ளைகளைத் தாய்மார்கள் பின்சீட்டில் உட்காரவைத்து வெளியே நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஆரம்பப் பள்ளி வாத்தியார் பிள்ளைகளை நாலு நாலு பேராக ஏற்றி, பாடத்தில் வரும் மழைக்காலத்தை அங்கேயே நடத்தி முடித்தார். புதிதாகக் கல்யாணம் ஆனவர்களை ஊர்க்காரர்களே முன்சீட்டில் உட்காரச் சொல்லிவிட்டு, நாகரிகமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். டாஷ்போர்டில் பாசி படிந்தது, பின்சீட்டின் இடுக்கில் ஒரு தவளை குடியேறியது, எங்கிருந்து வந்தாய் என்று அதை யாரும் கேட்கவில்லை. வானிலைக்காரர் ஒருவர் ஜீப்பில் வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்து முழுக்க நனைந்துவிட்டு, கூரைக்குக் கீழே பெய்வதைக் கணக்கில் சேர்க்க முடியாது என்று வருத்தத்தோடு சொன்னார். போகும்போது, இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாமா என்று கேட்டு, இருந்துவிட்டுப் போனார்.

ஒரு சண்டையும் வந்தது. கோழிக்கடைக்காரர் தன் முறைக்கு வண்டி நிற்காமல் ஓடிவிட்டது என்று வழிவிட்டானோடு மல்லுக்கு நின்றார். "ஓடுற வண்டியை வச்சுக்கிட்டு ஊரை ஏமாத்துறீங்களா?" என்று அவர் கத்தியதைக் கேட்டு, வண்டி வாங்கிய நாளிலிருந்து இப்படியொரு பழியை ஒருவரும் தன்மேல் போட்டதில்லையே என்று வழிவிட்டானுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஆனால் முறுக்கு வியாபாரத்துக்கு இதைவிட மோசமான கார் இந்த உலகத்தில் இருக்க முடியாது. அதிகாலையில் எழுந்து, அரிசி இடித்து, உளுந்து வறுத்து, குழல்வாய்மொழி பிசைந்து கொடுக்கக் கொடுக்க வழிவிட்டான் பிழிந்து பிழிந்து எண்ணெயிலிட்டு எடுத்த முறுக்கு, மொறுமொறுவென்று டின்னுக்குள் போய், கமுதியில் இறங்கும்போது பழைய துணியைப் போலத் துவண்டு கிடந்தது. கடைக்காரர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு திருப்பி அனுப்பினார்கள், அதன் பிறகு போனை எடுக்கவில்லை. வழிவிட்டான் மெக்கானிக் அந்தோணி மிக்கேலை வீட்டுக்கு வரவழைத்தார்.

மிக்கேல் பானட்டைத் திறந்து, தலையை உள்ளே விட்டு, வெகுநேரம் எதையெதையோ தட்டினான்.

"அண்ணே, எஞ்சினை இறக்கணும்," என்றான் நிமிர்ந்து. "இறக்கிப் பார்த்தா ஓடவைக்கலாம். காசி வரைக்கும்கூடப் போகும்."

"மழை?"

"நிக்காத வண்டில மழை ஏதுண்ணே? ரெண்டுல ஒண்ணுதான். ஓடுற கார் வேணுமா, பெய்யிற கார் வேணுமா, நீங்களும் மதினியும் பேசிச் சொல்லுங்க."

மூன்றாவதாக ஒரு வழியும் அந்த வாரமே வந்து சேர்ந்தது. மதுரைக்குப் பக்கத்தில் தோட்ட விடுதி நடத்தும் ஒருவர் கேள்விப்பட்டு வந்து, காரை நாலு பக்கமும் சுற்றிப் பார்த்து, உள்ளே உட்கார்ந்து தலையை நனைத்துக்கொண்டு, கண்ணாடிக் கூண்டு கட்டி அதற்குள் இதை நிறுத்துவேன், டிக்கெட் போட்டு ஆளை விடுவேன், நீங்கள் கேட்பதற்கு மேலேயே தருகிறேன் என்றார். வழிவிட்டான் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். அன்றைக்கு டீக்கடையில் யாரும் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் விற்காதே என்றும் ஒருவரும் சொல்லவில்லை. அடுத்தவன் பிழைப்பில் குறுக்கே நிற்கக் கூடாது என்பதில் அந்த ஊர் கறாராக இருந்தது.

குழல்வாய்மொழியிடம் கேட்டபோதெல்லாம் அவள் ஒரே பதில்தான் சொன்னாள். "வித்துருங்க."

"உனக்கு மழை புடிக்குமே?"

"முறுக்குக்குப் புடிக்கலையே. வித்துருங்க."

அவளும் அதைத்தான் விரும்புகிறாள் என்று நம்பி, வழிவிட்டான் மதுரைக்காரருக்குச் சொல்லி அனுப்பும் நிலைக்கு வந்துவிட்டார். அப்படி இருந்தபோதுதான் ஒரு நண்பகலில், அரிசி வாங்கச் சைக்கிளில் போனவர் கடை பூட்டியிருந்ததால் சீக்கிரமே திரும்பினார். தெரு முழுக்க வெயிலுக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தது. காலையில் நின்றுபோய்த் தள்ளிக்கொண்டு வந்த கார் வாசலில் பெய்துகொண்டிருந்தது. அதன் பின்சீட்டில் குழல்வாய்மொழி தனியாக உட்கார்ந்திருந்தாள். தலைமுடியை அவிழ்த்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, முகத்தை மேலே தூக்கியிருந்தாள். அவள் பேசிக்கொண்டிருந்தாள்.

"வாரேன் வாரேன்னுதான் சொல்லுதேன், வர முடியலையே. நீயாச்சும் என்னையத் தேடி வந்தியே. இம்புட்டுத் தூரம் எப்படி வழி கண்டுபிடிச்சு வந்த?"

வழிவிட்டான் அப்படியே நின்றுவிட்டார். 'சொல்லுதேன்', 'வாரேன்' என்ற அந்தப் பேச்சைக் கல்யாணம் ஆன புதிதில் சில நாட்கள் கேட்டிருக்கிறார். அப்போது தெருப் பெண்கள் அதைக் கேட்டுச் சிரித்தார்கள், அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள், பிறகு அந்தப் பேச்சை எங்கோ மடித்து வைத்துவிட்டாள். அவரும் அதைத் தேடவில்லை. சைக்கிளைச் சத்தமில்லாமல் திருப்பிக்கொண்டு போய், ஊரணிக் கரையில் வெறுமனே நின்றுவிட்டு, நேரம் கழித்து வந்தார்.

சாயங்காலம் அடுப்படியில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தபோது அவர் கேட்டார். "ஊருக்குப் போகணும்னு இருந்தா சொல்லியிருக்கலாம்ல, குழலு? நான் என்ன தடுக்கவா போறேன்?"

அவள் மாவிலிருந்து கையை எடுக்கவில்லை. "போய்க்கிட்டுத்தானே இருக்கேன். தம்பி கல்யாணத்துக்குத் தையில போனேன். அம்மா செத்ததுக்குப் பங்குனியில போனேன். ஆடியில மட்டும் போகவே இல்ல. நீங்க கவனிச்சீங்களா?"

அவர் கவனித்ததில்லை.

"ஆடியில அங்க சாரல் பெய்யும். ஒரு தடவை அதுல போய் நின்னேன்னா திரும்பி வருவேனான்னு எனக்கே தெரியல. அதான் போகல." எண்ணெய் காய்ந்து புகைய ஆரம்பித்தது, இருவரும் அதைப் பார்க்கவில்லை. "உங்க மேல ஒரு குறையும் இல்ல. நல்லாத்தான் வச்சிருக்கீங்க. ஒருத்திக்கு வெயில் ஒத்துக்கலேன்னா அது யார் குறை?"

"அப்ப ஏன் விக்கச் சொல்ற?"

"அது தினம் வாசல்ல வந்து கூப்பிட்டுக்கிட்டே இருக்கே. எத்தனை நாளைக்குக் கேக்காத மாதிரி இருக்கிறது?"

அன்றைக்கு வழிவிட்டான் பிழிந்த முறுக்கு எதுவும் வட்டமாக வரவில்லை. காரை விற்றால் அவள் வழக்கம்போல இங்கேயே இருப்பாள், வெயிலில் முகம் கறுத்து, வாயில் இந்த ஊர்ப் பேச்சோடு, ஒரு குறையும் சொல்லாமல். அப்படியே விட்டுவைத்தால் ஒரு பின்சீட்டு அளவு ஊர் அவளுக்கு மிஞ்சும், முறுக்கு மிஞ்சாது. சரிபார்த்தால் கார் ஓடும். ஓடும் கார் எங்கே வேண்டுமானாலும் போகும், காசிக்கு மட்டுமா போகும்? அவர் படுத்தும் தூக்கம் வராமல், விடிந்ததும் எழுந்து போய் மிக்கேலின் கடை வாசலில் அவன் வருவதற்கு முன்பே நின்றார்.

"இறக்கிரு," என்றார். "தென்காசி போய்ச் சேர்ற மாதிரிப் பண்ணிக் கொடு."

வீட்டுக்கு வந்து சொன்னதும் குழல்வாய்மொழி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"போய்ச் சேர்ந்துருமா?"

"சேர்ந்துரும்கிறான்."

"திரும்பி வர்றது?"

"அது உன் இஷ்டம்," என்று சொல்ல நினைத்தார். "வண்டி நல்லா ஓடும்," என்று மட்டும் சொல்ல முடிந்தது.

எஞ்சினை இறக்குவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, ஊர் வரிசையில் வந்து கடைசியாக ஒருமுறை நனைந்துவிட்டுப் போனது. யாரும் அழவில்லை, ஊருக்குப் போகும் விருந்தாளியை பஸ் ஏற்றிவிட வந்தவர்களைப் போலச் சாதாரணமாகப் பேசிக்கொண்டு நின்றார்கள். கோழிக்கடைக்காரர் தன் முறையில் ஏறி உட்கார்ந்தவர் இறங்குவேனா என்று அடம் பிடிக்க, அவர் மனைவி கையைப் பிடித்து இறக்கினாள். வாத்தியார் ஓர் ஈரத் துணியில் தவளையை ஏந்திக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத் தண்ணீர்த் தொட்டியில் விட்டார். மறுநாள் மிக்கேல் எஞ்சினைப் பிரித்துப் பரப்பினான். உள்ளே துருவும், தேய்ந்துபோன சாமான்களும், வாடாத ஒரு பச்சை இலையும் இருந்தன. சாமான்களை மாற்றினான், இலையைக் கழுவித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

ஆடி பிறந்ததும் கிளம்பினார்கள். வண்டி இருமவில்லை, குலுங்கவில்லை. காய்ந்து கிடந்த டாஷ்போர்டில் பாசியின் தடம் மட்டும் பச்சையாக இருந்தது. தெருக்காரர்கள் வாசலுக்கு வந்தார்கள். ஒருத்தி குழல்வாய்மொழியின் மடியில் கொய்யாப்பழம் போட்டாள். இன்னொருத்தி ஜன்னலில் கை வைத்து, "மதினி, மழையை நாங்க ரொம்பக் கேட்டதாச் சொல்லுங்க," என்றாள். சொல்கிறேன் என்று குழல்வாய்மொழி தலையாட்டினாள். அவள் எப்போது திரும்புவாள் என்று யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அல்லது தெரிந்ததைப் போல வழிவிட்டானுக்குப் பட்டது.

அருப்புக்கோட்டை தாண்டி, ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி, ராஜபாளையம் தாண்டி, கருவேலங்காடு தென்னந்தோப்பாகவும் செம்மண் கரிசலாகவும் பிறகு பச்சை வயலாகவும் மாறிக்கொண்டே வர, மேற்கே மலை கூடவே வந்தது. கடையநல்லூர் வந்தபோது மலைக்குத் தலையே இல்லை, எல்லாம் மேகம். தென்காசிக்குள் நுழையும்போது குழல்வாய்மொழி கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டாள். முதல் சாரல் அவள் கன்னத்தில் பட்டதும், "ஆ," என்றாள், யாரோ கிள்ளிவிட்டதைப் போல.

இலஞ்சியில் அவள் தம்பி குமார் வீட்டு வாசலில் வண்டி நின்றது. அவள் கதவைச் சாத்தாமலேயே இறங்கிப் போய், வீட்டுக்குள் போகாமல், எதிரே வயல் தொடங்கும் இடத்தில் நின்றாள். சாரல் விட்டு விட்டுப் பெய்தது. தம்பி குடையோடு ஓடினான், அவள் அதை வாங்கி மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். தம்பி பிள்ளைகள் அவளைச் சுற்றிச் சுற்றி ஓடினார்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து, "ஏட்டி குழலி, எப்ப வந்த?" என்று கேட்க, அவள் பதிலுக்குப் பேசிய பேச்சில் மூவூரணியின் ஒரு சொல்கூட இல்லை. வழிவிட்டான் உள்ளே உட்கார்ந்து காப்பி குடித்தார். ஜன்னல் வழியே தெரிந்த அந்தப் பெண்ணுக்கு இருபது வயதுதான் இருக்கும் போலத் தோன்றியது. இப்படியொருத்தியை யாரோ எங்கிருந்தோ வந்து கூட்டிக்கொண்டு போய் வெயிலில் வைத்துவிட்டார்கள்.

மதியச் சாப்பாடு முடிந்தது. அவள் மறுபடி வெளியே போய்விட்டாள். வழிவிட்டான் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"நான் பொறப்படுறேன் குமாரு. இருட்டுறதுக்குள்ள போய்ச் சேரணும். நாளைக்குக் கமுதிக்குச் சரக்குப் போடணும். அக்கா இருக்கட்டும், இருக்கிற வரைக்கும் இருக்கட்டும்."

"என்ன அத்தான், வந்த காலோட போறிய?" என்று தம்பி தடுத்தான். அவர் கேட்கவில்லை. அவளிடம் சொல்லிக்கொள்ளாமல் போவதுதான் நல்லது என்று நினைத்தார். சொன்னால் அவள் கூட வருவாள், கடமைக்காக வருவாள், மிச்ச ஆயுசுக்கும் மாவு பிசைவாள்.

காரில் ஏறி உட்கார்ந்து சாவியைப் போட்டார். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக, நின்றுவிடேன் என்று அந்த வண்டியைக் கெஞ்சினார். எத்தனை நாள் நடுரோட்டில் விட்டிருப்பாய், எத்தனை பேரைத் தள்ளவைத்திருப்பாய், இன்றைக்கு ஒரு நாள் எனக்காகக் கிளம்பாமல் இரேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே சாவியைத் திருப்பினார். ஒரே திருப்பில் கிளம்பிவிட்டது. மிக்கேல் நன்றாகத்தான் வேலை செய்திருந்தான். ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி, முன்கண்ணாடியில் வழியும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, நகர்த்த மனமில்லாமல் வழிவிட்டான் உட்கார்ந்திருந்தார்.

பக்கத்துக் கதவு திறந்தது. நனைந்த சேலையோடு குழல்வாய்மொழி ஏறி உட்கார்ந்து கதவை அடித்துச் சாத்தினாள்.

"என்னைய விட்டுட்டு எங்க கெளம்பிட்டிய?"

அவளுடைய ஊர்ப் பேச்சில் அவள் தன்னோடு பேசுகிறாள் என்பது அவருக்கு உறைக்கவே ஒரு கணம் பிடித்தது.

"நீ இங்கயே இருப்பேன்னு நெனச்சேன்."

"இருக்கணும்னுதான் இருக்கு," என்றாள் அவள். "ஆனா இங்க நின்னு பாத்தா, நீங்க எங்கன்னு கண்ணு தேடுது. என்ன செய்யச் சொல்லுதிய?"

எஞ்சின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது.

"வண்டிய அணைங்க."

"நாளைக்குக் கமுதிக்கு முறுக்கு..."

"கமுதிக்காரவுக ரெண்டு நாளு வேற எதையாச்சும் தின்னட்டும். அணைங்கன்னு சொல்லுதேன்லா."

அவர் சாவிமேல் கையை வைத்துவிட்டுத் தயங்கினார். "அணைச்சா மறுபடி எடுக்குமான்னு தெரியல, குழலு. இந்த வண்டியை நம்ப முடியாது."

"எடுக்கலேன்னா சாரல் விடுத வரைக்கும் இருப்போம். விட்ட பொறவு யோசிப்போம்."

வழிவிட்டான் சாவியைத் திருப்பினார். எஞ்சின் அடங்கியதும், அதுவரை கேட்காமல் இருந்த சாரல் கூரைக்கு மேலே கேட்டது. அவர் தோளில் இருந்த துண்டை எடுத்து நீட்டினார். அவள் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள், தலையைத் துவட்டவில்லை.